சட்டம் வந்தது, விதி வரவில்லை: 1977 சான் பிரான்சிஸ்கோ உள்ளிருப்புப் போராட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிப் பேச்சு வந்தாலே "சட்டமெல்லாம் இருக்கு, மக்கள் மனசுதான் மாறணும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மனசு மாறட்டும், நல்லதுதான். ஆனால் படிக்கட்டுக்குக் கீழே சக்கர நாற்காலியில் இருப்பவர் ஊரார் மனசு மாறும்வரை அங்கேயே காத்திருக்க முடியாது. பெரும்பாலான நாடுகளில் இன்று சட்டம் இருக்கிறது. அதை யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்த அளவில், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லும் விதிதான் இருப்பதில்லை, இருந்தாலும் "செய்தால் நல்லது" என்கிற தொனியில்தான் இருக்கும். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று காட்ட 1977 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்ததை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு சட்டத்தின் விதிகளில் அமைச்சர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் அரசுக் கட்டடம் ஒன்றில் ஏறக்குறைய நான்கு வாரம் தங்கிய கதை அது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கட்டடம் ஒன்றில் வன்முறையில்லாமல் நடந்த மிக நீண்ட முற்றுகை என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

யாரும் கவனிக்காத ஒரு வாக்கியம்

1973 செப்டம்பர் 26 அன்று அதிபர் நிக்சன் மறுவாழ்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன் அதே சட்டத்தின் முந்தைய வடிவங்களை இரண்டு முறை அவர் ரத்து அதிகாரத்தால் தடுத்திருந்தார், செலவு அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். 1972-இல் அந்தத் தடையை எதிர்த்து நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் மாற்றுத்திறனாளிகள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள்.

அடிப்படையில் அது வேலைப் பயிற்சி, மருத்துவ மறுவாழ்வு, நிதி ஒதுக்கீடு பற்றிய சட்டம். அதன் கடைசிப் பகுதியில் 504 என்ற எண்ணில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. தகுதியுள்ள எந்த மாற்றுத்திறனாளியும், குறைபாடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், மத்திய அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலிருந்தும் விலக்கப்படவோ பாகுபாட்டுக்கு உள்ளாக்கப்படவோ கூடாது என்பது அதன் சாரம். 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதியில் இனப் பாகுபாட்டுக்கு எதிராக எழுதியிருந்த வரியை மாதிரியாக வைத்து, நாடாளுமன்ற அலுவலர்கள் இதைச் சேர்த்திருந்தார்கள். இதற்கென்று விசாரணையும் நடக்கவில்லை, விவாதமும் நடக்கவில்லை. வாக்களித்த உறுப்பினர்களில் பலருக்கு இந்த வரி எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எவ்வளவு தூரம் என்றால், அரசுப் பணம் வாங்கும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நூலகம், நலத்திட்ட அலுவலகம் எல்லாமே இதற்குள் வந்துவிடும். அதுவரை மாற்றுத்திறனாளிக்கு உதவுவது கருணை. இந்த ஒரு வரியில் அவரை விலக்கி வைப்பது சட்டமீறலாகிறது.

ஆனால் வெறும் வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியின் கதவைத் தட்டுவது? "தகுதியுள்ள" என்றால் யார், "விலக்குவது" என்றால் படிக்கட்டு மட்டும் இருப்பதும் விலக்குவதா, காது கேளாத மாணவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் தராததும் பாகுபாடா என்பதையெல்லாம் விதிகள்தான் சொல்ல வேண்டும். அந்த விதிகளை எழுதும் பொறுப்பு நலவாழ்வு, கல்வி, சமூகநலத் துறையிடம் இருந்தது. துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் ஜான் வோடாட்ச் என்ற வழக்கறிஞர் தலைமையில் நல்ல வரைவு ஒன்று தயாராகவும் செய்தது.

அதற்குப் பிறகு எதுவும் நகரவில்லை. மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் செலவைக் காட்டி எதிர்த்தன. ஃபோர்டு ஆட்சியில் துறை அமைச்சராக இருந்த டேவிட் மேத்யூஸ் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஜேம்ஸ் செர்ரி என்ற மாற்றுத்திறனாளி வழக்குப் போட்டார். 1976 ஜூலையில் நீதிமன்றம் விதிகளை வெளியிடச் சொன்னது, ஆனால் திட்டவட்டமான ஒரு தேதியைச் சொல்லவில்லை. அந்த இடைவெளி மேத்யூஸுக்குப் போதுமானதாக இருந்தது. 1977 ஜனவரியில் கையெழுத்துப் போடாமலேயே பதவியை விட்டுப் போனார்.

அடுத்து கார்ட்டர் ஆட்சி வந்தது, ஜோசப் கலிஃபானோ அமைச்சரானார். தேர்தல் நேரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஆதரவாகப் பேசிய கட்சிதான், அதனால் நம்பிக்கை இருந்தது. கலிஃபானோவோ, "படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும்" என்று சொல்லி, மறு ஆய்வுக்கு ஒரு குழு போட்டார். அந்தக் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளி கூட இல்லை. என்னென்ன மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்தபோதுதான் பயம் வந்தது. வரைவில் இருந்த பல பாதுகாப்புகளை நீர்த்துப்போகச் செய்யும் பட்டியல் அது, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி போதும் என்கிற யோசனை உட்பட.

ஏப்ரல் 5

பல்வேறு குறைபாடுகள் உள்ளவர்களின் அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய அமெரிக்க மாற்றுத்திறனாளிக் குடிமக்கள் கூட்டமைப்பு, ஏப்ரல் 4-ஆம் தேதிக்குள் மாற்றமின்றிக் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் 5-ஆம் தேதி துறை அலுவலகங்களுக்குள் வந்து உட்காருவோம் என்று கெடு வைத்தது. காது கேளாதவரான ஃபிராங்க் போவ் அதன் இயக்குநர். கெடு முடிந்தது, கையெழுத்து வரவில்லை. வாஷிங்டன் தலைமை அலுவலகத்திலும் பல நகரங்களின் மண்டல அலுவலகங்களிலும் ஒரே நாளில் உள்ளே நுழைந்தார்கள்.

வாஷிங்டனில் கலிஃபானோ உணவை உள்ளே விடாமல் தடுத்தார். மறுநாளே அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. மற்ற ஊர்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துபோனது. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் முடியவில்லை.

அங்கே ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் 50-ஆம் எண் கட்டடம், நான்காவது மாடியில் மண்டல அலுவலகம். வெளியே பேரணி முடிந்ததும் கூட்டம் உள்ளே போய் மண்டல இயக்குநர் ஜோசப் மால்டொனாடோவின் அறையை அடைந்தது. பிரிவு 504 விதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஜூடி ஹ்யூமன் கேட்டபோது, அது என்னவென்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சட்டம் வந்து மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது, அதை நடைமுறைப்படுத்த வேண்டிய துறையின் மண்டலத் தலைவர் அவர்.

ஹ்யூமன் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்றரை வயதில் போலியோ வந்தவர், புரூக்ளினில் வளர்ந்தவர். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, சக்கர நாற்காலி தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். படித்து முடித்து ஆசிரியர் வேலைக்குப் போனபோது, 1970-இல், மருத்துவத் தேர்வில் தகுதியில்லை என்று நியூயார்க் கல்வி வாரியம் உரிமம் தர மறுத்தது. வழக்குப் போட்டார். கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற கறுப்பினப் பெண் நீதிபதியின் முன் வழக்கு வந்தது, வாரியம் இறங்கி வந்தது, நகரப் பள்ளிகளில் சக்கர நாற்காலியில் பாடம் நடத்திய முதல் ஆசிரியர் ஆனார். பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்கு வந்து, எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் 1972-இல் தொடங்கியிருந்த சுயசார்பு வாழ்வு மையத்தில் சேர்ந்தார். பெர்க்லி அப்போது வித்தியாசமான இடம். உதவியாளர்களைத் தாங்களே அமர்த்திக்கொண்டு, விடுதியிலோ மருத்துவமனையிலோ அடைபடாமல், தனி வீட்டில் வாழ்ந்து பழகிய கடும் குறைபாடுள்ளவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். மற்ற நகரங்களில் இல்லாத பலம் இது.

ஹ்யூமன் முகம் என்றால் கிட்டி கோன் மூளை. தசைச் சிதைவு நோய் உள்ளவர், அரசியல் அமைப்பு வேலையில் ஊறியவர். ஏப்ரல் 5-க்குப் பல நாள் முன்பே தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், கறுப்பினத்தவர், பெண்கள், ஒருபாலீர்ப்பினர் அமைப்புகள் என ஒவ்வொன்றாகத் தொடர்புகொண்டு ஆதரவு கேட்டு வைத்திருந்தார். அந்த முன்வேலைதான் பின்னால் சோறு போட்டது.

நான்காவது மாடியில்

ஒரு ராத்திரி தங்குவதற்கான துணி கூட இல்லாமல்தான் பலர் உள்ளே போனார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு உள்ளிருப்புப் போராட்டம் என்றால் பசி, தூக்கம், போலீஸ் மட்டும். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவருக்கு இரவில் சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும், அது உயிரையே எடுக்கலாம். சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். மருந்து குளிரில் இருக்க வேண்டும். சாப்பாட்டை ஊட்டிவிட ஆள் வேண்டும். இதெல்லாம் தெரிந்தேதான் தங்கினார்கள்.

அவர்கள் செய்தது என்னவென்றால், அந்த உதவியையே போராட்டத்தின் வேலையாக ஆக்கிக்கொண்டார்கள். உணவு, மருத்துவம், பாதுகாப்பு, பத்திரிகைத் தொடர்பு, பொழுதுபோக்கு என்று குழுக்கள் பிரிந்தன. கை உள்ளவர் கை இல்லாதவருக்கு ஊட்டினார், பார்வையில்லாதவர் நாற்காலியைத் தள்ள நாற்காலியில் இருப்பவர் வழி சொன்னார். இயக்குநர் அறையின் குளிர்சாதனக் கருவியின் வாயில் ஒரு பெட்டியை ஒட்டி அதையே மருந்துக்கான குளிர்பெட்டி ஆக்கினார்கள். ஒவ்வொரு இரவும் கூட்டம் போட்டு, எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசி, சில நாள் விடியற்காலை வரை இழுத்தது. சைகை மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கூட்டம் தொடங்காது. தலைக்கவசத்தில் பொருத்திய கோலால் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகச் சுட்டிக்காட்டிப் பேசும் ஹேல் ஸூகாஸ் ஒரு கருத்தைச் சொல்லி முடிக்க நேரம் ஆகும். காத்திருந்தார்கள். எந்த உரிமையை வெளியே கேட்டார்களோ அதை உள்ளே முதலில் நடத்திக் காட்டினார்கள் என்பேன். இதை நெகிழ்ச்சிக்காகச் சொல்லவில்லை, அந்தக் கூட்டம் உடையாமல் நின்றதற்கு இதுதான் காரணம் என்று நம்புவதால் சொல்கிறேன். தனித்தனிக் குறைபாடுகளின் பெயரில் தனித்தனி அமைப்புகளாக, அரசின் ஒரே சிறிய நிதிக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதுவரை ஒருவரோடு ஒருவர் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

அதிகாரிகள் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் ஜன்னலருகே நின்று கீழே தெருவில் இருந்தவர்களோடு சைகை மொழியில் பேசினார்கள். நான்கு மாடி உயரம் சைகைக்கு ஒரு தடையே இல்லை. உள்ளேயிருந்த செய்தி வெளியே போக அந்த நாட்களில் அதுவே வழி.

சாப்பாடு எங்கிருந்து வந்தது? வளைகுடாவின் மறுகரையில் ஓக்லாந்திலிருந்து, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சியிடமிருந்து, சூடாக, தினமும். அந்தக் கட்சியின் உறுப்பினரான பிராட் லோமாக்ஸ் பல்திசு இறுக்க நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், தன் உதவியாளர் சக் ஜாக்சனோடு உள்ளே இருந்தார். ஓக்லாந்தின் கறுப்பின மக்களுக்கும் சுயசார்பு மையம் வேண்டும் என்று அதற்கு முன்பே முயன்றவர் அவர். காவலர்கள் முதலில் உணவைத் தடுத்தபோது, எங்களை விடாவிட்டால் இன்னும் அதிகம் பேரோடு திரும்பி வருவோம் என்று கட்சிக்காரர்கள் சொன்னதாகவும் பிறகு விட்டுவிட்டதாகவும் உள்ளே இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். போதைப் பழக்கத்திலிருந்தும் சிறையிலிருந்தும் மீண்டவர்களுக்கான டெலான்சி தெரு அறக்கட்டளை காலை உணவு கொண்டுவந்தது. ஒருபாலீர்ப்பு ஆண்களின் அமைப்பு ஒன்று கம்பியில்லாப் பேசு கருவிகளை உள்ளே கடத்தியது. நகர மேயர் ஜார்ஜ் மொஸ்கோன் மெத்தைகளுக்கும் குளிக்க வசதிக்கும் ஏற்பாடு செய்தார், நாங்கள் ஓட்டல் நடத்தவில்லை என்று துறை அதிகாரிகள் முறைத்தார்கள். ஏப்ரல் 10 ஈஸ்டர் ஞாயிறும் உள்ளேயே கழிந்தது.

தொடக்க நாட்களில் இவர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பது போலப் பழரசமும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள் என்று கிட்டி கோன் பின்னாளில் எழுதினார். களைத்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. பரிதாபம் என்பது எதிர்ப்பை விட வசதியான ஆயுதம், அடிபட்டதே தெரியாமல் அடிக்கும். ஆனால் இந்தத் தடவை அந்தப் பரிதாபமே கட்டடத்தைக் காலிசெய்ய முடியாமல் அரசின் கையைக் கட்டிப் போட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் இழுத்துப்போட எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வரவில்லை.

ஏப்ரல் 15 விசாரணை

நாடாளுமன்றப் பிரதிநிதிகள் ஃபிலிப் பர்ட்டன், ஜார்ஜ் மில்லர் இருவரும் முற்றுகை நடந்த அதே கட்டடத்தில் ஒரு விசாரணையைக் கூட்டினார்கள். இது அசாதாரணமான ஏற்பாடு. போராடுபவர்கள் தலைநகருக்குப் போய்ச் சாட்சி சொல்வதற்குப் பதிலாக, நாடாளுமன்றம் அவர்கள் இருந்த இடத்துக்கு வந்தது.

கலிஃபானோ சார்பில் ஜீன் ஐடன்பெர்க் என்ற அதிகாரி வந்தார். உத்தேச மாற்றங்களைப் பற்றிப் பேசும்போது "தனியாக, ஆனால் சமமாக" என்ற சொற்கள் அவர் வாயில் வந்தன. அமெரிக்காவில் இந்தத் தொடருக்கு என்ன வரலாறு என்று தெரிந்தால்தான் அந்த அறையின் கொதிப்பு புரியும். 1896-இல் நிறப் பிரிவினையை நியாயப்படுத்த உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கொள்கை அது, 1954-இல் அதே நீதிமன்றம் கல்வியில் அதைத் தூக்கியெறிந்தது. கறுப்பினக் குழந்தைக்கு அநீதி என்று ஒதுக்கப்பட்ட ஏற்பாடு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

ஹ்யூமன் பேசினார், குரல் உடைந்தது. இனி அரசு மாற்றுத்திறனாளிகளை ஒடுக்க நாங்கள் விடமாட்டோம், சட்டம் நிறைவேற வேண்டும், பிரிவினை பற்றிய பேச்சு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஐடன்பெர்க்கைப் பார்த்து, நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிவதாக எனக்குத் தோன்றவில்லை, ஆகவே ஆமோதிப்பது போலத் தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்றார். அந்தக் காட்சியின் ஒளிப்பதிவு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளோடு கூட்டங்களில் உட்காரும் அதிகாரிகள் எல்லோரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், ஏனென்றால் தலையாட்டுவது எவ்வளவு சுலபம், அதைத் தாண்டி எதையும் செய்யாமல் எத்தனை வருடம் ஓட்டலாம் என்பது அதில் தெரிகிறது.

ஒரு கட்டத்தில் ஐடன்பெர்க் எழுந்து போய் வேறொரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். பர்ட்டன் பின்னாலேயே ஓடி, கதவைக் காலால் உதைத்து வெளியே வரச் சொன்னார். சாட்சியங்களைக் கேட்டு அவர் கண் கலங்கியிருந்தார். எட் ராபர்ட்ஸும் அன்று பேசினார். போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்து, இரும்பு நுரையீரல் என்ற சுவாச இயந்திரத்தின் துணையோடு வாழ்ந்த அவர் அப்போது கலிஃபோர்னிய மாநில மறுவாழ்வுத் துறையின் இயக்குநர்.

இதற்குப் பிறகு ஒரு குழு வாஷிங்டனுக்குப் போனது. சக்கர நாற்காலி ஏறும் வண்டி ஏது? இயந்திரத் தொழிலாளர் சங்கம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்த சரக்கு லாரிக்குள், ஜன்னலே இல்லாத இருட்டில், நாற்காலிகளோடு நகரம் முழுக்கச் சுற்றினார்கள். கலிஃபானோ வீட்டின் முன் இரவில் மெழுகுவத்தியோடு நின்றார்கள். கார்ட்டர் ஞாயிறு வழிபாட்டுக்குப் போகும் தேவாலயத்தின் முன் நின்றார்கள், அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

ஏப்ரல் 28 அன்று கலிஃபானோ கையெழுத்துப் போட்டார். போராடியவர்கள் கேட்டபடி, முக்கியமான மாற்றம் எதுவும் இல்லாமல். செய்தி வந்ததும் ஓடிவிடவில்லை, விதிகளைச் சரிபார்த்து, அறைகளைச் சுத்தம் செய்து, ஏப்ரல் 30 அன்று பாடிக்கொண்டே சேர்ந்து வெளியே வந்தார்கள்.

அந்தத் தாள்களில் என்ன இருந்தது

மே 4-இல் அரசிதழில் வந்து ஜூன் 3-இல் நடைமுறைக்கு வந்த விதிகளில் நான் முக்கியம் என்று நினைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, யாருக்குப் பாதுகாப்பு என்ற வரையறை. வாழ்வின் முக்கியச் செயல் ஒன்றைக் கணிசமாகக் கட்டுப்படுத்தும் குறைபாடு உள்ளவருக்கு என்பதோடு நிற்கவில்லை. அப்படி ஒரு குறைபாடு முன்பு இருந்ததாகப் பதிவு உள்ளவருக்கும், மற்றவர்கள் அப்படிப் பார்ப்பவருக்கும் சேர்த்துத்தான். முகத்தில் தீக்காயத் தழும்பு உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரால் செய்ய முடியாத வேலை எதுவுமில்லை, ஆனாலும் வரவேற்பு மேசையில் உட்கார வைக்க மாட்டார்கள். தடை அவர் உடலில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. 1977-இலேயே அரசு விதி ஒன்று இதை ஒத்துக்கொண்டது சாதாரண விஷயமில்லை. பத்து வருடம் கழித்து, காசநோய் வந்ததால் வேலை இழந்த ஆசிரியை ஆர்லைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரையறையை வைத்துத்தான் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, காலக்கெடு. கட்டடத்தை இடிக்காமல் செய்யக்கூடிய மாற்றங்களுக்கு 60 நாள், கட்டட மாற்றம் தேவைப்படுபவற்றுக்கு 3 ஆண்டு. புதிதாகக் கட்டுவது எதுவானாலும் தொடக்கத்திலிருந்தே எல்லோரும் நுழையும்படி இருக்க வேண்டும்.

செலவு பற்றிய கூச்சலுக்கும் நேர்மையான பதில் விதியிலேயே இருந்தது. இருக்கும் எல்லாக் கட்டடங்களிலும் மின்தூக்கி போடு என்று அது சொல்லவில்லை, திட்டத்தை மொத்தமாகப் பார்க்கும்போது மாற்றுத்திறனாளியால் பங்கேற்க முடிய வேண்டும் என்றது. மூன்றாவது மாடியில் வகுப்பு நடக்கிறதா, அந்த மாணவர் சேரும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்று. அவ்வளவுதான். வேலை தருபவரும் நியாயமான வசதி செய்து தர வேண்டும், தாங்க முடியாத சுமை என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு. நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவருடையது என்பதுதான் இதில் உயிர்நாடி.

ஏன் வென்றது

துணிச்சல் ஒரு காரணம், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் துணிச்சல் மட்டும் போதும் என்றால் வாஷிங்டனிலும் வென்றிருக்க வேண்டும், அங்கே இருந்தவர்களுக்கும் அது குறைவில்லை. அங்கே உணவு நின்றதும் எல்லாம் முடிந்தது, இங்கே உணவைத் தடுத்தபோது அதைக் கொண்டுவர ஒரு ஊரே தயாராக இருந்தது. இந்த வித்தியாசம் வெளியே செய்த அமைப்பு வேலையிலிருந்து வந்தது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்த ஊர் சேராது. கறுஞ்சிறுத்தைகள் கட்சி வந்தது கருணையால் அல்ல, லோமாக்ஸ் அவர்களில் ஒருவர் என்பதால். எல்லா இயக்கங்களிலும், எல்லாச் சமூகங்களிலும் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள், அவர்கள் அங்கே உறுப்பினர்களாக மதிக்கப்பட்டால் கூட்டணி தானாக அமையும்.

அப்புறம், கோரிக்கையின் கூர்மை. எங்களை மதியுங்கள், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இந்தத் தாள், இந்த வாசகம், மாற்றாமல், இவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். செய்தாரா இல்லையா என்று எந்தக் குழப்பமும் இல்லாமல் சொல்லிவிடக்கூடிய கோரிக்கை. அதுவும் அவர்கள் அந்த வரைவை அதிகாரிகளை விட நன்றாகப் படித்திருந்தார்கள். மதிப்பு, அங்கீகாரம், உள்ளடக்கம் போன்ற பெரிய சொற்களுக்கு அதிகாரிகள் எளிதில் தலையாட்டிவிடுவார்கள். ஒரு பத்தியை நீக்காதே என்ற கோரிக்கைக்கு அப்படி முடியாது.

கிடைக்காதவை

இதை முழு வெற்றி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இரண்டே ஆண்டில், 1979-இல், பிரிவு 504 பற்றிய முதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் செவித்திறன் குறைந்த ஒரு பெண்ணுக்குச் செவிலியர் படிப்பில் இடம் மறுத்த கல்லூரியின் பக்கம் நின்றது. ரீகன் ஆட்சி 1980-களின் தொடக்கத்தில் விதிகளையே தளர்த்த முயன்றது, ஆயிரக்கணக்கான கடிதங்களும் மறுபடியும் ஒரு போராட்டமும் அதைத் தடுத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, 504 அரசு நிதி பெறும் இடங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. தனியார் கடை, ஓட்டல், திரையரங்கு, நிறுவனம் எல்லாம் வெளியே இருந்தன. அவற்றையும் உள்ளே கொண்டுவர 1990 வரை ஆனது. அந்த ஆண்டு மார்ச் 12 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் சக்கர நாற்காலிகளை விட்டுவிட்டுப் பலர் கையாலும் முழங்காலாலும் ஏறினார்கள், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அதில் உண்டு. ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மூத்த புஷ் கையெழுத்திட்டார். லோமாக்ஸ் 1984-இலேயே இறந்துவிட்டார். அவரையும், பார்வையற்ற கறுப்பின இளைஞராக உள்ளே எல்லோருக்கும் தெம்பு கொடுத்த டென்னிஸ் பில்லப்ஸையும் வரலாறு நீண்ட காலம் ஓரத்தில்தான் வைத்திருந்தது. உரிமைப் போராட்டத்தின் வரலாற்றிலும் யார் பெயர் முதலில் வருகிறது என்பதில் பாகுபாடு இருக்கிறது.

இந்தியாவின் 2016 சட்டத்தை இந்தக் கண்ணால் பார்த்தால்

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006 டிசம்பரில் நிறைவேறியது, 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2007-இலேயே அதை ஏற்றது, 2016-இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. 21 வகைக் குறைபாடுகள், அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு, நியாயமான வசதி என்ற கருத்து எல்லாம் அதில் உண்டு. இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று 45-ஆம் பிரிவு சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனில் கெடு முடிந்தது.

சிக்கல் எங்கே இருந்தது தெரியுமா? சட்டம் கட்டாயம் என்றது, 15-ஆம் விதியோ வழிகாட்டுதல்களின் பட்டியலை மட்டும் கொடுத்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. வெறும் பரிந்துரையாக இருக்கும் விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாதது என்று அறிவித்து, விட்டுக்கொடுக்க முடியாத கட்டாயத் தரநிலைகளைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்துக்குள் விதியாக்கச் சொன்னது. 1973-க்கும் 1977-க்கும் நடுவே அமெரிக்காவில் எந்த இடைவெளி இருந்ததோ, அதே இடைவெளி.

நடைமுறையில் இதன் பொருள் இப்படி. சாய்தளம் ஓரடி உயர்ந்தால் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட அளவு. அது பரிந்துரையாக இருக்கும்வரை, நான்கடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டு, பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் வரைந்துவிட்டுப் போகலாம், யாரையும் கேள்வி கேட்க முடியாது. அது கட்டாயமானால் 44-ஆம் பிரிவு உயிர்பெறும், அளவு சரியில்லாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாது. 89-ஆம் பிரிவின் அபராதமும் உயிர்பெறும், முதல் தடவை 10,000 ரூபாய் வரை, திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை. ஆகவே தரநிலை வரைவு எப்போது வெளியானாலும் மாற்றுத்திறனாளி அமைப்புகள் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும், முன்னுரையை அல்ல, பிற்சேர்க்கையில் இருக்கும் அளவுகளை. கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, திரைவாசிப்பு மென்பொருளுக்குப் படிக்கத் தெரியாத படமாக விண்ணப்பப் படிவத்தை வெளியிடலாமா கூடாதா, "இயன்றவரை" என்ற சொல் எந்தெந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்து, எதை நீக்கக் கூடாது என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். தரநிலைகளை வகுக்கும் குழுவில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள் என்ற கேள்வியை வரைவு வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும், குழு அறிவிக்கப்படும் அன்றே கேட்டுவிடுங்கள்.